பக்கவாத்தியத்தைப் பின்தொடர்ந்து போங்கள்

"மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கிட்டத்தட்ட மனப்பாடம். ஜாஸில் அடுத்து எதைக் கேட்பது? எங்கே தேடினாலும் நூறு பெயர் கொண்ட பட்டியல்தான் வருகிறது. பழையதில் சிலவும் புதிதாக வந்தவற்றில் சிலவும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனப்பாடம் என்று சொன்னீர்களே, அதுதான் உங்கள் கையிருப்பு. ஒரே ஆல்பத்தோடு ஒரு வருடம் வாழ்ந்தவருக்கு நூறு பெயர்ப் பட்டியல் வேண்டியதில்லை. அந்த ஆல்பத்தில் மொத்தம் ஏழு பேர் வாசித்திருக்கிறார்கள். மைல்ஸ் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லி ஆல்ட்டோ சாக்ஸபோன், பில் எவன்ஸ் பியானோ, 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் பியானோவில் விண்டன் கெல்லி, பேஸ் வாசித்தவர் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். இந்த ஏழு பேரும் ஏழு வாசல்கள். நான் சொல்லப்போகும் ஆல்பங்களில் பெரும்பாலானவை இவர்கள் வழியாகவே வருகின்றன.

அதற்கு முன் ஒரு பயிற்சி. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், பாடகரை மட்டும் கவனிப்பவரும் மிருதங்கக்காரர் எங்கே அடக்கி வாசிக்கிறார், எங்கே முன்கூட்டியே புரிந்துகொண்டு முத்தாய்ப்பைத் தூக்கிக்கொடுக்கிறார் என்று கவனிப்பவரும் கேட்பது ஒரே கச்சேரி அல்ல. ஜாஸில் பேஸும் டிரம்ஸும் பியானோவும் அந்த இடத்தில் இருக்கின்றன. 'ஸோ வாட்' பாட்டை இன்னொரு தடவை போட்டு, பால் சேம்பர்ஸின் பேஸை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். 32 பார்கள் கொண்ட அமைப்பு அது (பார் என்பது தாளத்தின் ஓர் அளவு, இங்கே நான்கு அடி). முதல் 16 பார்கள் ஒரு சுர வரிசை, அடுத்த 8 அதையே அரை சுரம் மேலே தூக்கி வைத்தது, கடைசி 8 மறுபடி பழைய இடம். அந்த வரிசைக்கு டோரியன் என்று பெயர். நம் கரகரப்பிரியாவின் சுரங்களேதான், கமகம் மட்டும் கிடையாது. முன்னால் யார் சோலோ வாசித்தாலும், அரை சுரம் ஏறுகிற அந்தக் கணத்தைத் தாங்கிப் பிடிப்பவர் சேம்பர்ஸ். அதை ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த ஆல்பம் உங்களுக்கு வேறாகிவிடும்.

ஆகவே என் யோசனை இதுதான்: அட்டையில் பெரிதாக அச்சிட்ட பெயரை விடுங்கள், பக்கவாத்தியத்தைப் பின்தொடர்ந்து போங்கள்.

சேம்பர்ஸிலிருந்தே தொடங்குவோம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாளில் பதிவானது. அதே வருடம் மே மாதம் கோல்ட்ரேன் தன் சொந்தப் பெயரில் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்துக்கு வாசிக்கப் போனபோது பேஸுக்கு சேம்பர்ஸைத்தான் அழைத்துக்கொண்டார். அதில் 'மிஸ்டர் பி.சி.' என்று ஒரு பாட்டு இருக்கிறது. பி.சி. என்றால் பால் சேம்பர்ஸ். பக்கவாத்தியக்காரருக்குக் காணிக்கையாக ஒரு பாட்டு! மைல்ஸின் ஆல்பத்தில் ஒரே சுர வரிசையில் 16 பார்கள் நின்று நிதானமாகப் பேசிய அதே கோல்ட்ரேன், இங்கே கார்டுகள் (ஒருங்கே ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) கண் சிமிட்டும் நேரத்தில் மாறும் பாட்டை எழுதி அதன்மேல் பாய்ந்து ஓடுகிறார். தலைப்புப் பாட்டில் பியானோ வாசிக்கும் டாமி ஃப்ளானகன் தன் சோலோவில் தடுமாறுவது அப்படியே பதிவாகியிருக்கிறது. அவர் சாதாரண ஆள் இல்லை, மகா கலைஞர். 1982இல் இதே பாட்டுகளைத் தன் குழுவோடு வாசித்து, கோல்ட்ரேன் நினைவாக ஓர் ஆல்பமே வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு வேகத்துக்கு நடுவில் 'நைமா' என்ற மெதுவான பாட்டும் இந்த ஆல்பத்தில் உண்டு. அதில் கோல்ட்ரேனுடன் வாசிப்பவர்கள் கெல்லி, சேம்பர்ஸ், காப். உங்களுக்குப் பழகிய கைகள்தான்.

அந்த மூவரை மட்டும் தனியாகப் பிடிக்க விரும்பினால் 'ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்', 1965. கிதார்க்காரர் வெஸ் மாண்ட்கோமரி முன்னால், கெல்லி, சேம்பர்ஸ், காப் மூவரும் பின்னால். மாண்ட்கோமரி பிக் என்ற மீட்டும் தகடு இல்லாமல் கட்டை விரலால் மீட்டுபவர். முதல் பாட்டான 'நோ ப்ளூஸ்' பதின்மூன்று நிமிடம் ஓடும். கிதார் ஒற்றைச் சுரங்களில் தொடங்கி, பிறகு இரட்டைச் சுரங்களுக்கு ஏறி, பிறகு முழுக் கார்டுகளுக்குப் போகப் போக, பின்னால் காப் எப்படிச் சூட்டை ஒவ்வொரு படியாகக் கூட்டுகிறார் என்று கவனியுங்கள். சேம்பர்ஸ் 1969இல் 33 வயதில் இறந்துபோனார், கெல்லி 1971இல் 39 வயதில். காப் 2020 வரை இருந்தார். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தவர்களில் கடைசியாக விடைபெற்றவர் அவர்தான்.

அடுத்து பில் எவன்ஸ். இவர் வழியில் போக, ஒரே பாட்டை இருவர் கையாள்வதிலிருந்து தொடங்கலாம். 'ஆட்டம் லீவ்ஸ்'. முதலில் கேனன்பால் ஆடர்லியின் 'சம்திங் எல்ஸ்' ஆல்பத்தில் கேளுங்கள். 1958 மார்ச்சில் பதிவானது. மைல்ஸ் டேவிஸ் இங்கே தலைவர் இல்லை, அழைக்கப்பட்ட ஆள். ஒலியை அடக்கும் மூடி பொருத்திய அவருடைய ட்ரம்பெட் ஒரு சுரம் வைத்துவிட்டு அடுத்த சுரத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது பாருங்கள். அவர் விட்ட இடைவெளிகளை அடுத்து வரும் கேனன்பால் ஆசை தீர நிரப்புகிறார். பிறகு அதே பாட்டை எவன்ஸின் 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஆல்பத்தில், 1959 டிசம்பரில் பதிவானதை, கேளுங்கள். பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்று மட்டும். பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ தாளத்தைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்க மறுக்கிறார். பியானோ ஒரு வாக்கியம் சொன்னால் இவர் பதில் சொல்கிறார், சில இடங்களில் குறுக்கிட்டே பேசுகிறார்.

அந்த மூவரும் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறைக் கிளப்பில் வாசித்த நாள்தான் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்று இரண்டு ஆல்பங்களாகக் கிடைக்கிறது. பின்னணியில் கோப்பைகள் இடிபடுகின்றன, யாரோ பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் சிரிக்கிறார். அந்த மாலையில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் அது என்ன இசை என்று! பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் பியானோ பக்கம் போகவில்லை. இந்தத் தகவல் தெரிந்த பிறகு கேட்டால் சோகமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படி இல்லை. வாசிக்கும்போது அவர்களுக்கு அது தெரியாது. அந்த ஒலிப்பதிவு முழுக்க உயிர்தான்.

மூவர் குழு என்ற இந்த வடிவம் இன்றும் சிறந்து நிற்கிறது. புதியதில் முதலில் நான் சொல்வது விஜய் ஐயரின் 'ப்ரேக் ஸ்டஃப்', 2015. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் ஐயர். ஆனால் அதற்காக இதைச் சொல்லவில்லை. 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தில் 'கவுண்ட்டவுன்' என்று இரண்டு நிமிடச் சொச்சத்தில் சீறிப் பாயும் பாட்டு ஒன்று உண்டல்லவா, அதை இவர்கள் பிரித்துப் போட்டு முற்றிலும் வேறு தாளக் கட்டில் கோக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பழைய ஆல்பம் எதற்காக என்று கேட்பவருக்கும் புதியது எதற்காக என்று கேட்பவருக்கும் ஒரே பதில் கிடைக்கும். டிரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோர், ஜாஸின் மாபெரும் டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேன்ஸின் பேரன். ஐயர் பின்னர் லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி இருவருடனும் சேர்ந்து செய்த 'அன்ஈஸி' (2021), 'கம்பாஷன்' (2024) இரண்டும் எனக்கு இன்னும் நெருக்கமானவை. ஆனால் அவை பொறுமை கேட்கும். 'ப்ரேக் ஸ்டஃப்' பழகிய பிறகு போங்கள்.

இனி கோல்ட்ரேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9ஆம் தேதி ஒரே நாளில் பதிவானது. மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி காரிசன் பேஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். நான்கு பகுதிகள், மொத்தம் முப்பத்து மூன்று நிமிடம். முதல் தடவை கேட்டபோது எனக்கு இது பிடிபடவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. எல்லோரும் கொண்டாடுகிறார்களே, எனக்குத்தான் காது இல்லையோ என்ற கூச்சத்தில் பல மாதம் தள்ளி வைத்திருந்தேன். கதவைத் திறந்து விட்டது நான்காம் பகுதி. ஆல்பத்தோடு ஒரு பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கிறது, கோல்ட்ரேனே எழுதியது. 'சாம்' என்ற அந்தக் கடைசிப் பகுதியில் அவர் அந்தக் கவிதையைச் சாக்ஸபோனில் சொல்கிறார். அசைக்கு அசை, வரிக்கு வரி. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியைப் பின்தொடர்ந்து படித்த அன்று, விருத்தம் பாடக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே இல்லை. தாளக் கட்டு இல்லாமல், சொல்லின் எடைக்கேற்ப நீண்டும் குறுகியும் போகும் இசை. பின்னால் எல்வின் ஜோன்ஸ் தூரத்து இடிபோல உருட்டிக்கொண்டே இருக்கிறார். அங்கிருந்து திரும்பிப் போய் முதல் பகுதியைக் கேட்டேன். காரிசனின் நான்கு சுரப் பேஸ், அதையே கோல்ட்ரேன் எல்லாச் சுருதிகளிலும் தூக்கித் தூக்கிக் காட்டுவது, கடைசியில் அதே நான்கு சுரத்துக்கு வார்த்தை போட்டு வாயால் ஓதுவது, எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. நீங்களும் நான்காம் பகுதியிலிருந்து பின்னோக்கிப் போகலாம், தவறில்லை.

கோல்ட்ரேன் 1967இல் 40 வயதில் மறைந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர். அவருடைய 'ஜர்னி இன் சச்சிதானந்தா' 1971இல் வந்தது. தலைப்பில் இருப்பவர் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமி சச்சிதானந்தர், ஆலிஸின் குரு. தம்புராவின் ரீங்காரம், அதன்மேல் செசில் மெக்பீயின் பேஸ் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே வாக்கியம், அதன்மேல் நீர் தெளிப்பதுபோல ஹார்ப். சாக்ஸபோன் வாசிப்பவர் ஃபேரோ சாண்டர்ஸ், கோல்ட்ரேனின் கடைசிக் குழுவில் இருந்தவர். வெளிநாட்டார் தம்புரா வைத்துச் செய்த ஆல்பங்களில் பலவற்றில் அது அலங்காரத்துக்கு நிற்கும். இங்கே அதுவே தரை. மற்றவர்கள் அதன்மேல்தான் நடக்கிறார்கள்.

அந்த ஃபேரோ சாண்டர்ஸைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருடம் தாண்டி 2021க்கு வாருங்கள். 'ப்ராமிசஸ்'. ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஆங்கிலேய மின்னிசைக் கலைஞரும் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவும் சாண்டர்ஸுடன் சேர்ந்து செய்தது. ஒன்பது பகுதிகள், நாற்பத்தாறு நிமிடம், ஒரே மூச்சில் கேட்க வேண்டியது. சில சுரங்களே கொண்ட ஒரு சிறு சங்கதி கிட்டத்தட்ட முழு நேரமும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க, எண்பது வயதை நெருங்கிய சாண்டர்ஸ் தன் சாக்ஸபோனில் மிகக் குறைவாக, மிக மென்மையாகப் பேசுகிறார். நடுவில் ஓரிடத்தில் வாத்தியத்தை விட்டுவிட்டு வாயாலேயே முணுமுணுக்கிறார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். இந்த நூற்றாண்டில் வந்த ஜாஸ் ஆல்பங்களில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். இது ஜாஸ்தானா என்று கேட்பவர்களோடு எனக்கு வாதாட விருப்பமில்லை.

ஆலிஸின் ஹார்ப் வழியில் இன்னொருவர் நாலா சினெஃப்ரோ. பெல்ஜியத்தில் பிறந்து லண்டனில் இயங்குபவர். ஹார்ப்பும் சிந்தசைசரும் வாசிக்கிறார். 'எண்ட்லெஸ்னெஸ்', 2024. பத்துப் பகுதிகளிலும் ஒரு சுரச் சுழல் நீரோட்டம்போல ஓடிக்கொண்டே இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மைல்ஸ் வழி. ஒரே ஆல்பம் போதும்: 'இன் எ சைலன்ட் வே', 1969. மூன்று பேர் கீபோர்டு வாசிக்கிறார்கள், ஜான் மெக்லாஃப்லின் கிதார். வாசித்து முடித்ததும் வேலை முடியவில்லை. தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி, தொடக்கப் பகுதியைப் பிரதியெடுத்து முடிவிலும் ஒட்டினார். அதாவது பாட்டின் வடிவம் வெட்டும் மேசையில் பிறந்தது. இதன் நேர்வாரிசு மகாயா மக்ரேவனின் 'யூனிவர்சல் பீயிங்ஸ்', 2018. டிரம்ஸ் கலைஞரான அவர் நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் என்று நான்கு ஊர்களில் வெவ்வேறு குழுக்களோடு மனோதர்மமாக வாசித்ததைப் பதிவுசெய்து, பிறகு தனியாக உட்கார்ந்து வெட்டிக் கோத்திருக்கிறார். ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்த நண்பர்கள் யாருக்காவது ஜாஸ் அறிமுகம் செய்ய வேண்டுமானால் இதைக் கொடுங்கள். ட்ரம்பெட்டின் தனிமை மட்டும் போதும் என்றால் அம்ப்ரோஸ் அக்கின்முசிரேயின் 'ஔல் சாங்', 2023. ட்ரம்பெட், பில் ஃப்ரிசெலின் கிதார், ஹெர்லின் ரைலியின் டிரம்ஸ், அவ்வளவே. பேஸ் கிடையாது. காற்றுக்கும் ஓர் இருக்கை போட்டு வைத்ததுபோல இருக்கும்.

கேனன்பாலின் ஆல்ட்டோ சாக்ஸபோன் வழியில் இரண்டு. ருத்ரேஷ் மகந்தப்பாவின் 'கின்ஸ்மென்', 2008. இவரோடு சேர்ந்து வாசிப்பவர் கத்ரி கோபால்நாத். கன்யாகுமாரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம். ஒரே வாத்தியம், இரண்டு மரபு. ஒருவர் சுரத்தை வளைத்துக் கொண்டுபோகிறார், மற்றவர் அதைக் கூராக உடைத்து வைக்கிறார். முதல் சில நிமிடங்களிலேயே எது யார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், போகப் போகக் குழம்புவீர்கள். அந்தக் குழப்பத்துக்காகவே கேட்க வேண்டும். இன்னொன்று இம்மானுவேல் வில்கின்ஸின் 'தி செவன்த் ஹேண்ட்', 2022. ஏழு பகுதிகள். ஏழாவது பகுதிக்கு எழுதி வைத்த சுரம் எதுவும் கிடையாது. இருபத்தாறு நிமிடம் நால்வரும் அந்தந்தக் கணத்தில் உண்டாக்கியது. முதல் ஆறு பகுதிகளையும் கேட்டுவிட்டுத்தான் அதற்குள் போக வேண்டும், தனியாக எடுத்துக் கேட்டால் வெறும் இரைச்சலாகத் தோன்றலாம்.

ஏழு பேருக்கு வெளியே சில. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவான அதே அரங்கில், தேவாலயமாக இருந்து ஸ்டுடியோவாக மாறிய கட்டடத்தில், அதே 1959இல் சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்' பதிவானது. தலைவரே பேஸ் வாசிப்பவர் என்பதால் பின்னணியே முன்னால் வந்து நிற்கிறது. அந்த மார்ச்சில் இறந்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்கு அஞ்சலியாக எழுதிய 'குட்பை போர்க் பை ஹேட்' இதில் இருக்கிறது. 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' என்ற பாட்டு, கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்கப் படையை அனுப்பிய ஆர்கன்சா ஆளுநரைக் கிழிப்பது. சொற்கள் இல்லாமலே கோபமும் நகைப்பும் கேட்கும். டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்'டும் அதே வருடம், அதே அரங்கு. அதன் 'டேக் ஃபைவ்' உங்கள் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும் என்பதால் அதிகம் சொல்லவில்லை.

பாட்டுக் குரல் வேண்டுமென்றால் 'எல்லா அண்ட் லூயி', 1956. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பளிங்குக் குரலும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் சரளைக்கல் குரலும். யாருக்கும் எந்த முன்னறிவும் தேவையில்லாத ஆல்பம். புதியதில் செசில் மெக்லோரின் சால்வன்ட்டின் 'ட்ரீம்ஸ் அண்ட் டாகர்ஸ்', 2017. பெரும்பகுதி எவன்ஸ் வாசித்த அதே வில்லேஜ் வேன்கார்டில் நேரடியாகப் பதிவானது. பாட்டின் வரிகளை அவர் நாடகக் கலைஞர்போல எடைபோட்டுச் சொல்கிறார், கூட்டம் சிரிப்பதும் மூச்சடக்குவதும் கேட்கிறது.

முதியவர்களில் இன்னும் புதிதாகத் தந்துகொண்டிருப்பவர் சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்டு. 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ' அவருடைய 86ஆம் பிறந்தநாளில், 2024 மார்ச்சில் வெளியானது. பியானோவில் ஜேசன் மோரன், பேஸில் லாரி கிரனேடியர், டிரம்ஸில் பிரையன் பிளேடு. இந்த நால்வரில் யாருக்கும் அவசரமே இல்லை.

பழையதா புதியதா என்று சொல்ல முடியாத ரகமும் ஒன்று உண்டு. 1957 நவம்பரில் கார்னகி ஹாலில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் குழுவோடு கோல்ட்ரேன் வாசித்த டேப், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்து 2005இல்தான் வெளியே வந்தது. மங்கின் கோணல்மாணலான மெட்டுகளுக்குள் இளம் கோல்ட்ரேன் வழி தேடுவதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கேட்க முடியாது. அதே மங்கின் 'பாலோ ஆல்ட்டோ' 2020இல் வந்தது. 1968இல் கலிஃபோர்னியாவில் ஒரு 16 வயது மாணவன் தன் உயர்நிலைப் பள்ளிக்கு மங்கை அழைத்து நடத்திய கச்சேரி. பள்ளியின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் பியானோவைச் சுருதி சேர்த்துக் கொடுத்து, கச்சேரியைப் பதிவும் செய்துகொண்டார். அந்தப் பதிவுதான் ஆல்பம். மங்க் அன்று நல்ல மனநிலையில் இருந்திருக்கிறார், ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது.

இரண்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' பதினோரு பேர் நாற்பது நிமிடம் பிளிறுவது. மகத்தானதுதான், ஆனால் 'எ லவ் சுப்ரீம்' உடம்பில் ஊறிய பிறகு. கமாசி வாஷிங்டனின் 'தி எபிக்' (2015) மூன்று தட்டுகள், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரே அமர்வில் எடுத்தால் அலுத்துவிடும், ஒரு தட்டு ஒரு நாள் என்று வையுங்கள்.

இதில் எதையும் ஷஃபிள் போட்டுக் கேட்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு ஆல்பம், அதன் வரிசையிலேயே. முதலில் எவன்ஸ், பிறகு 'சம்திங் எல்ஸ்', பிறகு 'ப்ராமிசஸ்', அதன்பின் 'எ லவ் சுப்ரீம்' என்று போகலாம். நான் தலைகீழாகப் போய்த்தான் அவதிப்பட்டேன். இன்றைக்கு ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால், 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யின் முதல் பாட்டு, 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. ஐந்து நிமிடம். எவன்ஸ் மூவரில் டிரம்ஸ் வாசிக்கும் பால் மோஷியன் சிம்பல் மேல் பிரஷ்ஷைத் தடவுவதை மட்டும் கேளுங்கள். பியானோவை இரண்டாம் தடவை பார்த்துக்கொள்ளலாம்.